மிதவை மேடை
நீர்நிலையில் நீந்துவோர் ஏறி இளைப்பாறவும் குதிக்கவும் அமைக்கப்படும் மிதக்கும் தளம். நீர்மட்டத்துடன் தானும் ஏறி இறங்கும்.

அமைப்பு: மரச்சட்டத்தின் அடியில், மூடி இறுக்கிய 200 லீற்றர் வெற்றுப் பீப்பாய்களைக் கட்டுவர். ஒரு பீப்பாய் முழுதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 200 கிலோ நன்னீரை விலக்கும். பாதி மட்டும் அமிழுமாறு கணக்கிடுவது பாதுகாப்பு. அவ்வகையில் ஆறு பீப்பாய்கள் 600 கிலோ தாங்கும். சட்டமும் பலகையும் பீப்பாய்களும் சேர்ந்து 250 கிலோ எனில், ஆட்களுக்கு 350 கிலோ மிஞ்சும். பலர் ஒரே பக்கம் கூடினாலும் கவிழாதிருக்கப் பீப்பாய்களை ஓரங்களில் பரப்பி வைப்பர். நங்கூரச் சங்கிலி, மாரியில் நீர் உயர்வதற்கும் இடம்விட்டு நீளமாக இருக்க வேண்டும்.

தமிழ் மரபில்: கோயில் தெப்பம் இதன் நெருங்கிய உறவு. சென்னை மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தெப்பம் பீப்பாய்களின் மேல் கட்டப்படுகிறது. மதுரை வண்டியூர்த் தெப்பத்திருவிழா தைப்பூசத்தில் நிகழும்.

ஆழ்நீர்நிலைகளில்: எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணக் குடாநாட்டின் புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு, சுண்ணக்கல் கரைந்து உருவான ஆழ்நீர்நிலை. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. உவர்நீரின் மிதப்புவிசை கூடுதல். ஆயினும் மிதவை மேற்பரப்பில் இருப்பதால், இத்தகைய இடங்களில் நன்னீர்க் கணக்கே பொருந்தும். ஆழம் காரணமாக அடியில் தூண் நாட்டுவதும் எளிதன்று; ஆகவே மிதவையே ஏற்றது.