தாத்தா எந்த ஊர்? தோட்டத்துக் குடும்பங்கள் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால், செங்கில் இருப்பவர் செங் என்பார். "அப்பா?" என்றால் ஒரு தோட்டத்தின் பெயர் வரும். "தாத்தா?" என்றால் இன்னொரு தோட்டம். "அவரோட அப்பா?" என்று கேட்டதும் பல வீடுகளில் ஒரே ஒரு சொல்தான் பதில்: "இந்தியா."

அந்தச் சொல்லைத் தாண்டி மாவட்டம், கிராமம், தெரு என்று போக முடியுமா? பல குடும்பங்களுக்கு முடியும். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம். கப்பல் பட்டியலைத் தேடிக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் எண்பது வயதுப் பாட்டியிடம் தொடங்குபவர்கள் இன்னும் தூரம் போகிறார்கள். காரணம் மலாயாவுக்கு நம்மவர்கள் வந்த விதத்தில் இருக்கிறது.

மற்றவர்களுக்குக் கிடைக்கும் பட்டியல் நமக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களின் வாரிசுகள், 1620-இல் மேஃபிளவர் கப்பலில் போனவர் வரை தங்கள் வம்சத்தைச் சொல்வதுண்டு. அதற்கென்றே 1897-இல் ஒரு சங்கமும் அமைத்தார்கள். இங்கிலாந்தில் 1538 முதல் தேவாலயங்கள் திருமுழுக்கு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பதிந்து வந்தன. குடும்பப் பெயரும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். அதனால் அவர்களுக்கு வேலை சுலபம்.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேருக்கும் தனித்தனி எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். மொரிஷியஸ், ஃபிஜி தமிழர்களுக்கும் இப்படிப்பட்ட ஆவணங்கள் கைகொடுக்கின்றன. இவை ஆளுக்கு ஓர் ஒப்பந்தம் என்ற முறையில் பிறந்த ஆவணங்கள்.

மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. ஆனால் 1910-இல் அந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் ஓங்கி நின்றது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்த கங்காணி சொந்த ஊருக்கே திரும்பிப் போய், உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டமாக அழைத்து வந்தார். 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி வழிச்செலவைப் பார்த்துக்கொண்டது. தோட்ட வேலைக்கு இப்படி ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது.

ஆகவே நேட்டால் போல, பெயரைத் தட்டினால் கிராமம் வந்து விழும் பட்டியலை மலாயாவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கங்காணி முறையால் ஒரு நன்மையும் உண்டு. கங்காணி எந்த ஊரோ, அவருடைய ஆட்களில் பலர் அந்த ஊர், அல்லது அதன் சுற்றுவட்டாரம். உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும், அவரை அழைத்து வந்த கங்காணியின் ஊர் தெரிந்தால் போதும். அதே லயத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரின் பூர்வீகம் தெரிந்தாலும் உதவும்.

முதலில் யாரிடம், என்ன கேட்பது?

குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவரிடம். "உங்க அப்பா எப்ப வந்தாரு?" என்று வருடத்தைக் கேட்டால் "அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்" என்றுதான் பதில் வரும். ஞாபகத்தில் நிற்கும் விஷயங்களைக் கேளுங்கள்:

• குலதெய்வம் எது? கோயில் எங்கே? முனியாண்டி, பச்சையம்மன் என்று பெயர் மட்டும் வந்தால் விடாதீர்கள். "எந்த ஊர் பச்சையம்மன்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.
• ஊருக்குப் பக்கத்தில் எந்த ஆறு, எந்தச் சந்தை, எந்த ரயில் நிலையம்? புதூர், நல்லூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் உண்டு. சந்தைதான் எந்தப் புதூர் என்பதைக் காட்டும்.
• தாத்தாவைக் கூட்டி வந்த கங்காணி யார்?
• கப்பல் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள்? நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹம் என்ற இன்றைய கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கியவர்கள் ஏராளம். "ரஜூலா கப்பல்" என்று பாட்டி சொன்னால் அது 1926-க்குப் பிந்தைய பயணம். அந்தக் கப்பல் ஓடத் தொடங்கியதே அந்த ஆண்டுதான்.
• ஊரில் விட்டு வந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர் என்ன? ஊருக்குப் போனதும் "இவங்க பேரனா நீ?" என்று அடையாளம் காணப்படுவது இந்தப் பெயர்களால்தான்.

கேட்கும்போதே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசினால், மறந்த பெயர்கள் தானாக வரும்.

வீட்டுப் பெட்டியில் என்ன தேட வேண்டும்?

ஊரிலிருந்து வந்த நீல நிறக் கடிதம் கிடைத்தால் அதுவே பெரிய புதையல். அனுப்பியவர் முகவரியில் கிராமம், தபால் நிலையம், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும். அஞ்சல் முத்திரையையும் பாருங்கள். பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதும் அப்படித்தான்.

பழைய கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்கும். 1948-இல் அவசரகாலத்தின்போது கொடுக்கத் தொடங்கிய அடையாள அட்டை, குடியுரிமைப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பழைய தாள்கள், கல்யாணப் பத்திரிகை எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையில் பூர்வீக ஊரை அச்சடிக்கும் வழக்கம் இருந்தது.

ஒரு கவனம். ஆவணத்தில் பிறந்த இடம் "மெட்ராஸ்" என்று இருந்தால் அது சென்னை நகரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றைய மெட்ராஸ் மாகாணம் முழுவதற்கும் அதே பெயர்தான். "நெகபட்டம்" என்று இருந்தால் அது கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கலாம், பிறந்த ஊராக அல்ல.

அரசாங்கப் பதிவுகளில் எப்படித் தேடுவது?

உங்களிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்கள் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் பெயர் இருக்கும். அப்பாவின் பத்திரத்தில் தாத்தா, பாட்டி பெயர் கிடைக்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆனால் அ/லெ, அ/பெ என்று நம் பெயரோடு தகப்பன் பெயர் சேர்ந்தே வருவதால், ஒவ்வொரு பத்திரமும் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிடும். பத்திரம் தொலைந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். காலனித்துவ காலத்து அரசாங்கக் கோப்புகளுக்கு, 1957-இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் இருக்கிறது.

பெயரின் எழுத்து மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். தோட்டத்தில் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் கிராணி. காதில் விழுந்ததை எழுதினார். ஆறுமுகம் ஒரு தாளில் ஆர்முகம், இன்னொன்றில் அருமுகம் ஆகியிருப்பார். ஒரே அப்பாவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பத்திரத்தில் அப்பா பெயர் மூன்று விதமாக இருப்பதும் உண்டு. வயதும் குத்துமதிப்புதான். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடினால் சொந்தத் தாத்தாவையே தவற விடுவீர்கள்.

தோட்டமே இப்போது இல்லையே, என்ன செய்வது?

மலாக்காவுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பொருந்தும். மலாயாவில் வணிக ரப்பர் தோட்டம் முதலில் உருவானதே இங்கேதான். 1890-களில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் அசகானிலும் ரப்பர் போட்டார். இன்று செங் பக்கம் போனால் தாமான்களும் தொழிற்பேட்டையும்தான் கண்ணில் படும்.

1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பல குடும்பங்கள் இடம் மாறின. பெரிய நிறுவனங்களும் கைமாறின. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007-இல் ஒன்றாக இணைந்தன. இத்தனை மாற்றத்துக்குப் பிறகு தோட்ட அலுவலகத்தின் பழைய செக்ரோல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள்: தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு, கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல், இடுகாட்டுக் கல்லறை. கல்லறைக் கல்லில் பிறந்த ஊரைத் தமிழில் பொறித்திருப்பவர்களும் உண்டு. அந்த நிலம் கைமாறுவதற்கு முன்பே படம் எடுத்து வைப்பது நல்லது.

தோட்டத்துக்குத் தமிழர் வைத்த பெயர் ஒன்று, பதிவில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறு என்பதும் சகஜம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"சயாமுக்குப் போனவர் திரும்பலை"

சில குடும்பங்களில் தேடல் 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் அறுந்துபோகும். ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் அங்கேயே இறந்தார்கள். அவர்களுக்கு இறப்புப் பத்திரம் கிடையாது, கல்லறையும் கிடையாது. மனைவி மறுமணம் செய்திருக்கலாம், பிள்ளைகளை மாமாவோ சித்தப்பாவோ வளர்த்திருக்கலாம். பத்திரத்தில் இருக்கும் அப்பா வளர்த்தவரா பெற்றவரா என்ற கேள்வி இங்கே எழும். பாட்டி பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

ஊர் பெயர் கிடைத்துவிட்டது. அடுத்து?

மாவட்டத்தைச் சரிபாருங்கள். கடிதத்தில் உள்ள ஜில்லா இன்று பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். பழைய தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. சேலத்திலிருந்து 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நான்கிலும் தேட வேண்டியிருக்கும்.

ஊருக்கு நேரில் போனால் குலதெய்வக் கோயில் பூசாரியையும் கிராம நிர்வாக அலுவலரையும் பாருங்கள். நிலம் இருந்த குடும்பமானால் பட்டாவில் தடயம் இருக்கலாம். ஆனால் கப்பல் ஏறியவர்களில் நிலம் இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்குக் கோயிலும் உறவுக்காரர் பெயரும்தான் வழி. டிஎன்ஏ சோதனை தென்னிந்தியா என்று சொல்லும், கிராமத்தைச் சொல்லாது.

பழைய ஆவணங்களில் சாதிப் பெயரும் எழுதப்பட்டிருக்கலாம். பூர்வீகப் பேச்சையே எடுக்காத வீடுகளில் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிடைத்ததையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஓசிஐ அட்டைக்கு இது உதவுமா?

உதவும். ஓசிஐ என்பது இந்தியக் குடியுரிமை அல்ல, வாழ்நாள் விசா போன்றது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை என்று தலைமுறையைக் கணக்கிடுகிறது. முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்கும், அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவுக்கும் ஆவணம் தேவை. நடப்பு விதிகளைக் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணமே இல்லாவிட்டால்?

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, மலாய் பேசுகிறவர்கள். காஜா பெராங்கில் வாழும் அவர்களின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-இல் எழுந்தது. தமிழ் பேச்சு போய்விட்டது. ஆனால் பிள்ளை, செட்டி, நாயக்கர் என்ற பெயர்கள் போகவில்லை. போகியன்று முன்னோருக்குப் படையல் வைக்கும் 'பர்ச்சு' வழக்கமும் போகவில்லை.

தாளில் எழுதாததையும் ஒரு குடும்பம் காப்பாற்ற முடியும். அதற்கு யாராவது ஒருவர் கேட்க வேண்டும், யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். காப்பகக் கோப்பு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். பாட்டிக்கு அப்படி உத்தரவாதம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். முதல் கேள்வி: "பாட்டி, நம்ம குலசாமி எந்த ஊர்ல இருக்கு?"