தங்கப் புழு!

வருடம் 1941. நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் ஹிக்ஸ்வில் என்று ஓர் ஊர். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள். அதில் ஒரு வயலில் செடிகள் திட்டுத் திட்டாகச் சோர்ந்துபோய் நின்றன. தண்ணீருக்குக் குறைவில்லை, உரத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் மத்தியான வெயில் ஏறினால் இலைகள் தொங்கிவிடும். தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு சைஸில் கிழங்கு!

வேரைப் பிடுங்கி லென்ஸில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, தங்க நிறத்தில் மணிமணியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்க என்னவோ அழகுதான். அத்தனையும் புழு!

இதற்கு 'தங்க நூற்புழு' என்று பெயர். குட்டியாக இருக்கும்போது நூல் துண்டு மாதிரி நெளிந்து வந்து வேருக்குள் நுழைகிறது. பெண் புழு ஓர் இடத்தில் உட்கார்ந்து செடியின் சத்தை உறிஞ்ச ஆரம்பித்தால் அப்புறம் நகராது. உடம்பு உப்பி உருண்டையாகி, வேருக்கு வெளியே பிதுங்கும். பிறகு செத்துப்போகும். அதோடு ஆட்டம் க்ளோஸ் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! செத்த தாயின் தோல் அப்படியே இறுகி, ஒரு பழுப்பு நிறப் பெட்டியாகிவிடுகிறது. உள்ளே சில நூறு முட்டைகள். பெட்டி மண்ணில் விழுந்து காத்திருக்கும். எத்தனை நாள்? இருபது வருடம்கூட! என்றைக்காவது பக்கத்தில் ஓர் உருளைக்கிழங்குச் செடி வேர் விட்டு, அந்த வேரிலிருந்து கசியும் ரசாயனம் பெட்டியைத் தொட்டால் போதும்... குட்டிகள் புறப்பட்டுவிடும்.

அமெரிக்க அரசாங்கம் அரண்டுபோனது. அந்த வட்டாரத்துக் கிழங்கு, சாக்கு, டிராக்டர், அதில் ஒட்டிய மண் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. 1948-ல் இந்த ஒரு புழுவுக்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்கு போட முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? விற்றுவிடத்தான் தோன்றும். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு வேண்டும். லெவிட் என்ற கட்டட நிறுவனம் ஹிக்ஸ்வில்லுக்குப் பக்கத்திலேயே கிழங்கு வயல்களை வாங்கி 1947-ல் வேலையை ஆரம்பித்து, நாலே வருடத்தில் பதினேழாயிரத்துக்கும் அதிகமான வீடுகளை வரிசையாகக் கட்டித் தள்ளியது. அதுதான் லெவிட்டவுன்! அமெரிக்கப் புறநகர் வாழ்க்கைக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் ஊர். (கறுப்பர்களுக்கு அங்கே இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்த அசிங்கம் ஒரு தனிக் கதை.)

சரி, புழு அங்கே எப்படிப் போனது? முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ராணுவத் தளவாடங்களில் ஒட்டியிருந்த மண்ணோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஐரோப்பாவுக்கு? அதுதான் வேதனையான கதை. 1845-ல் அயர்லாந்தின் கிழங்குச் செடிகளை ஒரு பூசண நோய் கருக்கியது. அடுத்த சில வருடங்களில் பட்டினியாலும் நோயாலும் பத்து லட்சம் பேர் செத்தார்கள். நோயைத் தாங்கும் ரகம் கிடைக்குமா என்று உருளைக்கிழங்கின் தாய்வீடான தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்கே ஆள் அனுப்பிக் கிழங்குகளைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிழங்கில் ஒட்டிய மண்ணில்தான் நம் பெட்டிகளும் கப்பலேறின என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஒரு நோய்க்கு மருந்து தேடப் போய் இன்னொன்றை வாங்கிவந்த கதை! 1881-ல் ஜெர்மனியில் யூலியுஸ் க்யூன் என்ற விஞ்ஞானி கிழங்குச் செடியில் இதைக் கவனித்தார். அந்த நாட்டின் ரோஸ்டாக் நகரத்தின் பெயர்தான் 1923-ல் புழுவின் விஞ்ஞானப் பெயரிலும் ஏறியது. பாவம், ரோஸ்டாக் என்ன தப்பு செய்தது?

ஆண்டீஸ் விவசாயிகள் மட்டும் எப்படிச் சமாளித்தார்கள்? ஒரு வருடம் கிழங்கு போட்டால் அதே நிலத்தில் அடுத்த கிழங்குக்குப் பல வருடம் இடைவெளி விடுவது அங்கே பழைய வழக்கம். சாப்பாடு கிடைக்காத புழு தானாகக் குறையும். வருடா வருடம் காசு பார்க்க வேண்டிய நமக்கு அந்தப் பொறுமை ஏது?

'நமக்கு' என்று சும்மா சொல்லவில்லை. 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தபோது அங்கே உருளைக்கிழங்கையும் கொண்டுவந்தார். பின்னாளில் 'ஊட்டி உருளை' என்றால் மேட்டுப்பாளையம் மண்டியில் தனி மவுசு. 1961-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி ஊட்டிக்கு வந்தார். விஜயநகரம் பண்ணையில் வேரைப் பார்த்தார். அதே தங்கப் பொட்டு! பிரிட்டனிலிருந்து வந்த விதைக் கிழங்கோடு எந்த வருடம் இறங்கியதோ, யாருக்கும் தெரியாமல் மலையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இதன் சகோதரனான வெள்ளை ரகமும் கூடவே இருந்தது. பிறகு கொடைக்கானலிலும் கண்டுபிடித்தார்கள்.

மண்ணுக்குள் மருந்து செலுத்திப் பார்த்தார்கள். குறைந்தது, ஒழியவில்லை. 1971-ல் தமிழக அரசு தடை போட்டது. நீலகிரிக் கிழங்கைச் சாப்பிட அனுப்பலாம், விதைக்கு வெளியே அனுப்பக் கூடாது. மலைக் கிழங்கு என்றாலே நல்ல விதை என்பார்கள். அந்த விதை வியாபாரமே மலை விவசாயிக்கு இல்லாமல் போனது. பலர் கேரட், முட்டைக்கோஸ், தேயிலை என்று மாறினார்கள். அத்தனைக்கும் புழுதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

எதிர்ப்பு சக்தியும் ஆண்டீஸிலிருந்துதான் கிடைத்தது. 1952-ல் இங்கிலாந்தில் எலன்பி என்பவர், அங்கிருந்து வந்த ஒரு கிழங்கு ரகத்தில் புழு வளர முடியாததைக் கண்டார். அந்த வேருக்குள் நுழையும் குட்டிக்குச் சரியாகச் சாப்பாடு கிடைப்பதில்லை. சாப்பாடு குறைந்தால் இந்தப் புழு பெண்ணாக வளராமல் ஆணாகிவிடும்! பெண் இல்லாமல் முட்டை ஏது? அந்தக் குணத்தோடு 1966-ல் வெளிவந்த 'மாரிஸ் பைப்பர்' பிரிட்டன் முழுக்கப் பரவியது. தங்கப் புழு அடங்கியது. காலியான இடத்தில் வெள்ளைப் புழு வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ரகம் அதைத் தடுக்காது.

நீலகிரிக்காக இங்கே உருவாக்கிய ரகத்தின் பெயர் 'குஃப்ரி ஸ்வர்ணா'. ஸ்வர்ணா என்றால் தங்கம். குஃப்ரி என்பது இமாசலப் பிரதேசத்தில் சிம்லாவுக்குப் பக்கத்தில், மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை இருக்கும் ஊர். நாட்டுக்கே விதை தந்த மலை அது. 2018-ல் இமாசலம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் மூன்றிலிருந்தும் விதைக் கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை விதித்தது. புழு கண்டுபிடிக்கப்பட்ட இடங்களில் குஃப்ரி பண்ணையும் ஒன்று.