வலைக்கடலுக்கு ஒரு நூற்பட்டியல்: நூலகங்கள் கைகோத்த வரலாறு



நூலகத்தில் தமிழ் இலக்கிய நூல்களின் முதுகில் 894.811 என்று தொடங்கும் எண் ஒட்டப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அஃது என்ன எண் என்று சென்ற வாரம் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்புமுறையில் தமிழ் இலக்கியத்திற்குரிய இடம் அது என்று விளக்கினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்படியானால் இணையத்திற்கு எண் இல்லையா, ஐயா?"

இல்லை என்று சொல்லிக் கடந்திருக்கலாம். ஆயினும் இணையத்திற்கும் அவ்வாறு எண்ணிட முயன்றவர்கள் இருந்தார்கள். ஒருவர் இருவரல்லர், பல நாட்டு நூலகங்கள் ஒன்றுகூடி அப்பணியில் இறங்கின. நம்மிடையே அதிகம் பேசப்படாத அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுத விழைகிறேன்.

வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1991ஆம் ஆண்டிலேயே பக்கங்களைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு துறையையும் ஒரு தன்னார்வலர் கவனித்துக்கொண்டார். பக்கங்கள் பெருகப் பெருக, ஆர்வம் மட்டும் போதாது, நூலகரின் பயிற்சியும் தேவை என்பது தெளிவாயிற்று. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டில் சமூக அறிவியலுக்கெனச் 'சோசிக்' என்னும் நுழைவாயிலை அமைத்தது. பொறியியலுக்கு எடின்பரோவின் ஹெரியட் வாட் பல்கலைக்கழகத்திலும், மருத்துவத்திற்கு நாட்டிங்காமிலும் இத்தகைய நுழைவாயில்கள் எழுந்தன. சுவீடன், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் நூலகங்களும் தத்தம் பட்டியலைத் தொகுத்தன.

இவற்றின் பணிமுறை நாம் அறிந்துகொள்ளத்தக்கது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தைத் திறந்து முழுதும் படிப்பார். எழுதியவர் யார், எந்நிறுவனத்தைச் சார்ந்தவர், எப்பொழுது புதுப்பிக்கப்பட்டது, நம்பத்தக்கதா என்று ஆராய்வார். தேறியதற்கு மட்டும் சில வரிகளில் குறிப்பு வரைந்து, பகுப்பெண் கொடுத்துப் பட்டியலில் சேர்ப்பார். மாணவர் கட்டுரையை நாம் படித்துத் திருத்துவது போன்ற வேலை. விரைந்து செய்ய இயலாது.

குறிப்பு எழுதுவதற்குப் பொதுவான ஒழுங்கும் தேவைப்பட்டது. 1995 மார்ச் மாதத்தில் நூலகர்களும் கணினி வல்லுநர்களும் டப்ளின் நகரில் கூடினர். அயர்லாந்தின் தலைநகரன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டப்ளின். (இவ்விடத்தில் தடுமாறுவோர் பலர், யானும் முதலில் தடுமாறியவனே.) அங்கே தொடங்கிய கலந்தாய்வு, தலைப்பு, படைத்தவர், பொருள், நாள், மொழி என்பன உள்ளிட்ட 15 கூறுகளாகப் பின்னர் நிலைபெற்றது. 'டப்ளின் கோர்' எனப்படும் அவ்வொழுங்கு 2003ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர அமைப்பின் ஏற்பையும் பெற்றது.

ஆனால் மெய்யான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சோசிக் அனைத்துலகத் தசமப் பகுப்புமுறையைப் பின்பற்றியது. நெதர்லாந்தினர் தங்கள் நாட்டுப் பகுப்புமுறையைக் கையாண்டனர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நூலகத்தார்க்குத் தனி முறை. சுவீடனின் பொறியியல் நூலகங்களுக்கு இன்னொன்று. இவற்றையெல்லாம் ஒரே வாயில்வழி பார்ப்பது எப்படி? இவ்வினாவிற்கு விடை காண 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 'ரெனார்டஸ்' என்னும் திட்டம் தொடங்கியது. நெதர்லாந்தின் தேசிய நூலகம் அதனை ஒருங்கிணைத்தது.

எவரும் தம் முறையைக் கைவிட வேண்டியதில்லை என்பதே அவர்கள் கண்ட வழி. டூயியின் பகுப்பை நடுவே பாலமாக வைத்து, ஒவ்வொருவரும் தம் பிரிவுகளை அதனோடு பொருத்திக் காட்டினர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தோட்டக்கலையை டூயி வேளாண்மையின்கீழ் வைக்கிறார். வேறொரு முறை அதனைத் தாவரவியலோடு சேர்த்திருப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒன்றுதானா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே, முற்றும் ஒத்தது, ஒன்றைவிட மற்றொன்று விரிந்தது, குறுகியது, பெரும்பகுதி பொதுவானது, சிறுபகுதி மட்டும் பொதுவானது என ஐவகை உறவுகளை வரையறுத்தனர். பிரிவு பிரிவாக மனிதர்களே அமர்ந்து தீர்மானித்த வேலை அது. பிறர் முறையை மதித்து நடந்த ஒத்துழைப்பு என்பதால் எனக்கு இத்திட்டத்தின்மீது தனி மதிப்புண்டு.

ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்பதை நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த காலத்தில், 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் முன்பே காட்டியிருந்தார். அலமாரியில் நூலுக்கு ஓரிடந்தான் உண்டு. இணையப் பக்கமோ பல பிரிவுகளின்கீழ் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

இவ்வளவு உழைப்பும் நிலைத்ததா? ரெனார்டஸ் திட்டம் 2002ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பிரிட்டனின் நுழைவாயில்கள் 2006ஆம் ஆண்டில் 'இன்டியூட்' என ஒன்றாயின; நிதி நிறுத்தப்பட்டதால் 2011ஆம் ஆண்டில் அதுவும் நின்றது. யாகூ நிறுவனத்தின் பொருள்வாரிப் பட்டியல் 2014ஆம் ஆண்டிலும், தன்னார்வலர் வளர்த்த 'டீமாஸ்' 2017ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. பக்கங்கள் இடம் மாறின, மறைந்தன. சேர்த்ததைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கவே ஆட்கள் போதவில்லை. 1998ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கூகுளோ நொடியில் விடை தந்தது.

தேடுபொறி வந்தமையால் பட்டியல் தேவையற்றுப் போயிற்று என்பார்கள். அஃது எனக்கு உடன்பாடன்று. தேடுபொறியிடம் கேட்பதற்கு முதலில் ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துறையில் என்னென்ன உண்டு என்றே அறியாத பத்து வயதுப் பிள்ளை எச்சொல்லைத் தட்டச்சு செய்யும்? பொருள்வாரிப் பட்டியல் அத்தகையோர்க்காகவே இருந்தது. 894.811 என்னும் எண்ணைத் தேடிச் செல்லும் பிள்ளை, பக்கத்தில் 894.812இல் மலையாள இலக்கியம் இருப்பதையும் காண்கிறது. அதனை எவரும் தேடச் சொல்லவில்லை.

அம்மாணவிக்கு இதில் பாதியைத்தான் கூற முடிந்தது, மணி அடித்துவிட்டது. மீதியை அடுத்த நூலக வகுப்பில் கேட்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறாள்.