கேட்டாத்தானே சொல்லுவாங்க: சீனி வருத்தமும் கேள்வித்தாள்களின் கதையும்

எங்கட ஊர்கள்ல கிளினிக் கொப்பி இல்லாத வீடு குறைவு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கு போனாலும் அலுமாரிக்கு மேலயோ ஃபிரிட்ஜுக்கு மேலயோ ஒரு சொப்பிங் பேக்குக்குள்ள, மருந்து அட்டைகளோடு சேர்ந்து அது கிடக்கும். இந்தக் கட்டுரைக்காக நாங்கள் எங்கட வீட்டுக் கொப்பிகளை எடுத்துப் புரட்டினோம். திகதி, பிரஷர், வெறும் வயிற்றில் பார்த்த சீனி அளவு, மருந்தின் பெயர், அடுத்த தவணை. பக்கத்துக்குப் பக்கம் இதுதான். ஒரு மனிசியின் பல வருடங்கள் அதற்குள் இருக்கின்றன. ஆனால் அவர் சொன்னதாக ஒரு வசனம்கூட இல்லை.

இதற்கு டொக்டர்மாரைக் குற்றம் சொல்லி முடிக்க ஏலாது. வெளியே வாங்கில் நூறு பேர் இருக்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள்ளும் அவர் கேட்கத்தான் செய்கிறார்: "எப்பிடி இரிக்கீங்க உம்மா?" உடனே பதில் வரும்: "அல்ஹம்துலில்லாஹ், நல்லம் டொக்டர்." இரவில் சீனி இறங்கிடுமோ என்று பயந்து தூங்காமல் இருந்தது, கலியாண வீட்டில் வட்டிலப்பத்தை வேணாம் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சாப்பிட்டது, பிறகு ரெண்டு நாள் குற்ற உணர்ச்சியோடு திரிந்தது எல்லாம் அந்த "நல்லம்" என்ற சொல்லுக்குள் போய்விடும். குறை சொன்னால் சபுர் இல்லாத ஆள் என்று ஆகிவிடுமே என்ற தயக்கமும் எங்கட பெரியவங்களுக்கு இருக்கு.

இந்த "நல்லம்"-ஐக் கொஞ்சம் திறந்து பார்க்கும் முயற்சி உலகத்தில் எப்போது தொடங்கியது, அது எங்கட கரைக்கு ஏன் இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இலக்கங்களின் கதை. ஒரு காலத்தில் சிறுநீரை ரசாயனத்தோடு சூடாக்கி, நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் சீனியைக் கணித்தார்கள். பிறகு இரத்தப் பரிசோதனை வந்தது. 1968இல் தெஹ்ரானில் வேலை செய்த சாமுவேல் ரஹ்பர், நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபினின் ஒரு வடிவம் வித்தியாசமாக இருப்பதைக் கவனித்தார். அதிலிருந்துதான் இன்று நாங்கள் எச்பிஏ1சி என்று சொல்லும் பரிசோதனை வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சீனி அளவை அது ஒரே இலக்கத்தில் சொல்லிவிடும். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த இலக்கங்கள் உயிர் காப்பவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த ஒரு பெரிய ஆய்வு, முதலாம் வகை நீரிழிவில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் நன்றாகக் குறையும் என்று நிரூபித்தது. ஆனால் அந்த ஆய்வாளர்களுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஊசி, அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பது, இதெல்லாம் மனிசரின் வாழ்க்கையையே கெடுத்துவிடாதா? அதை எந்த இரத்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. அதனால் நோயாளிகளிடமே கேட்பதற்கென ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து 1988இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் இறுக்கமான சிகிச்சை வாழ்க்கைத் தரத்தைக் குறைக்கவில்லை என்று தெரியவந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் என்ற ஊரில் ஐரோப்பிய நாடுகளின் சுகாதாரத் துறையினரும் நோயாளிகளின் அமைப்புகளும் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். கால் துண்டிப்புகளைப் பாதியாகக் குறைப்பது, புதிதாகக் கண் பார்வை இழப்பவர்களை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது போன்ற இலக்குகள் அதில் இருந்தன. அதன் தொடர்ச்சியாக, நீரிழிவு உள்ளவர்களின் மனநலத்தையும் அளக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அந்த வழியில்தான் 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் சந்தோஷமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, எழும்பும்போது களைப்புத் தீர்ந்திருந்ததா என்ற மாதிரி ஐந்தே விசயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு எத்தனை என்று வரும்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1995இல், பொஸ்டனின் ஜொஸ்லின் நீரிழிவு நிலையத்தில் உளவியலாளர் வில்லியம் பொலன்ஸ்கியும் கூட்டாளிகளும் 20 கேள்விகள் கொண்ட இன்னொரு படிவத்தை வெளியிட்டிருந்தார்கள். சுருக்கமாக அதை 'பெய்ட்' என்பார்கள். இது பொதுவான கவலையைக் கேட்பதில்லை. இந்த நோயோடு வாழ்வதில் எது உங்களுக்குப் பாரமாக இருக்கு என்று கேட்கிறது. சீனி இறங்கிடும் என்ற பயம், சாப்பாட்டில் எப்போதும் ஏதோ பறிபோன மாதிரி ஒரு உணர்வு, வீட்டுக்காரர் ஒத்துழைக்காதது, தனியாக இருப்பது போன்ற எண்ணம், உங்கட டொக்டரில் உங்களுக்குத் திருப்தி இல்லை என்பது உட்பட. இதிலும் 100க்குப் புள்ளி. 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த ஆள் கடுமையான மனச்சுமையில் இருக்கலாம் என்று எடுப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சரி, கேட்டால் என்ன நடக்கும்? ஒரு தாளை நிரப்பினதால சீனி இறங்குமா?

இதை ஆம்ஸ்டர்டாமில் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஃபிரான்ஸ் பவர், ஃபிராங்க் ஸ்னூக் ஆகியோரின் ஆய்வு 2001இல் வெளியானது. நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழமையான சிகிச்சை. மற்றக் குழு ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல, நீரிழிவுத் தாதி அந்தப் பதில்களை வைத்து அவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஒரு வருடத்துக்குப் பிறகு, பேசப்பட்ட குழுவின் மனநிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. எச்பிஏ1சியில் வித்தியாசம் வரவில்லை.

இந்த இரண்டு முடிவையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். கேள்வித்தாள் மருந்து அல்ல. அது சீனியைக் குறைக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு மனிசர் வருடக்கணக்கில் சுமந்து திரியும் பாரம் கொஞ்சம் இறங்குவது சின்ன விசயமும் அல்ல. பாரத்தை இறக்கியது தாள் மட்டுமல்ல, அதை வாசித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசிய தாதியும்தான்.

இதே 2001இல், எங்களுக்கு இன்னும் கிட்டிய ஒரு கேள்வியும் கேட்கப்பட்டது. நீரிழிவு உள்ள முஸ்லிம்கள் றமழானில் என்ன செய்கிறார்கள்? இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமானவர்களிடம் தகவல் திரட்டினார்கள். எப்பிடியர் என்ற அந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 100க்கு 79 பேர் குறைந்தது 15 நோன்பாவது பிடித்திருந்தார்கள். முதலாம் வகையில்கூட 43 பேர். இரண்டாம் வகைக்காரரிடையே, ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குச் சீனி இறங்கிய சம்பவங்கள் றமழானில் மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தன.

யோசித்துப் பாருங்கள். டொக்டர் "நோன்பு பிடிக்க வேணாம்" என்கிறார். மூத்தம்மா தலையாட்டிவிட்டு வந்து ஸஹருக்கு எழும்புகிறார். காலைக் குளிசையைத் தானே இரவுக்கு மாற்றிக்கொள்கிறார், அல்லது விட்டுவிடுகிறார். கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இது எங்கட வீட்டுக்குள் மட்டும் நடக்கும் ரகசியம் என்று நினைத்திருந்தோம். 13 நாடுகளில் கேட்டபோதுதான் இது மருத்துவம் கணக்கில் எடுக்க வேண்டிய உண்மை என்று ஆனது. அதற்குப் பிறகு "பிடிக்காதே" என்பதோடு நிற்காமல், பிடிக்கப் போகிறவரை எப்படிப் பாதுகாப்பது என்ற வழிகாட்டல்கள் வந்தன. சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் 2021 வழிகாட்டலில் புள்ளி போடும் ஒரு முறையே இருக்கு. போன றமழான் எப்படிப் போனது, சீனி இறங்கும் பழக்கம் உண்டா, செய்யும் வேலை உடம்பை வருத்தும் வேலையா என்றெல்லாம் அதில் பார்க்கிறார்கள். 3 வரை என்றால் ஆபத்துக் குறைவு, 6க்கு மேல் என்றால் அதிகம். வெயிலில் வயல் வேலை செய்பவருக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே பதில் இல்லை என்று ஒத்துக்கொள்ளும் படிவம் அது.

இனி எங்கட கரைக்கு வருவோம். 2005-2006இல் இலங்கையின் பெரிய நீரிழிவு ஆய்வு ஒன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு, அதில் மூன்றில் ஒருவருக்கு மேல் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்று அது சொன்னது. இன்றும் பலர் மேற்கோள் காட்டும் ஆய்வு. ஆனால் அது 7 மாகாணங்களில் மட்டும் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அதாவது அந்த இலக்கத்துக்குள் கல்முனை இல்லை. எங்கட இரத்தமே கேட்கப்படாத காலத்தில் எங்கட வார்த்தையை யார் கேட்பது? 2018-2019இல் நடந்த தேசிய ஆய்வோ, நாட்டின் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கரைக்குப் படிவங்கள் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்துக்கு வந்த படிவங்கள் கொஞ்சமா? வீட்டுக்கு ஒன்று, தோணிக்கு ஒன்று, காணிக்கு ஒன்று. எங்கட உம்மாமார் நிரப்பி நிரப்பிக் களைத்துப் போனார்கள். அதனால இங்கே படிவம் என்றால் 'ஏதோ தரப் போறாங்க' அல்லது 'சும்மா எழுதிட்டுப் போறாங்க' என்ற இரண்டே அர்த்தம்தான். பதில் சொன்னவருக்குத் திரும்பி ஒன்றும் வராத படிவம், அடுத்த படிவத்தின் மீதான நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

மொழியும் ஒரு தடை. ஆனால் தமிழ் இந்த விசயத்துக்குப் புதிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோது, ஒரே நேரத்தில் வேலை செய்த 15 நிலையங்களில் மதராஸும் ஒன்று. மனச்சோர்வை அறியும் 9 கேள்விப் படிவத்தைச் சென்னை ஆய்வாளர்கள் 12 கேள்வியாக மாற்றி, ஆயிரக்கணக்கானோரிடம் பயன்படுத்தினார்கள். ஆனால் சென்னைத் தமிழை அப்படியே கொண்டுவந்து சாய்ந்தமருதில் வைத்தால் சரிவராது. எங்கட மூத்தம்மாவுக்கு 'மனச்சோர்வு' என்பது ரேடியோவில் வரும் சொல். அவர் சொல்வது "நெஞ்சு பாரமா இரிக்கி", "கல்புக்குள்ள ஒரு கவலை". மொழிபெயர்த்துவிட்டு, அதை இங்குள்ள பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, "இதுல உங்களுக்கு என்ன வெளங்குது?" என்று கேட்டுத் திருத்த வேண்டும். இது எங்கட பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலை.

தமிழில் 'கேட்பது' என்றால் வினவுவதும்தான், காது கொடுப்பதும்தான். படிவம் முதலாவதைச் செய்யும். இரண்டாவதை ஆள்தான் செய்ய வேண்டும். ஒருவர் 100க்கு 70 என்று பெய்ட் படிவத்தில் காட்டிவிட்டு, அதை யாரும் திரும்பிப் பார்க்காமல் கோவைக்குள் போட்டால் அது கேட்காமல் விட்டதைவிட மோசம். கேள்வித்தாள் கொண்டுவருகிற ஆஸ்பத்திரி, அதை வாசிக்க ஒரு மிஸியையும் பேசுவதற்குப் பத்து நிமிடத்தையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். அதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

அதுவரைக்கும் நாங்கள் ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த கிளினிக் தவணைக்கு முந்தின இரவு, உம்மாவோடயோ வாப்பாவோடயோ உட்கார்ந்து மூன்று விசயம் கேட்கிறோம். இந்த ரெண்டு வாரமும் எத்தனை இரவு ஒழுங்காத் தூங்கினீங்க? இந்த வருத்தத்துல உங்களுக்கு ஆகக் கஷ்டமா இருக்கிறது எது? போன நோன்புல என்ன நடந்தது, குளிசை எப்ப போட்டீங்க? அவங்க சொல்றதை அவங்கட சொல்லிலேயே, திருத்தாமல், கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறோம். டொக்டரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுக்கிறோம்.

முதல் தடவை "ஒண்டுமில்ல மகன்" என்றுதான் சொல்வாங்க. கொஞ்ச நேரம் அப்படியே பக்கத்தில் இருங்க. பிறகு சொல்லுவாங்க.