அரசாணிக்காயும் சீமைத்தக்காளியும்

வேலைக்காகச் சென்னை வந்த முதல் வருடம். பரங்கிமலை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடையில் "அரசாணிக்காய் இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. கையை நீட்டிக் காட்டியதும், "பரங்கிக்காயா? அப்படிக் கேளு தம்பி" என்று ஒரு பத்தை நறுக்கிக் கொடுத்தார். தினமும் பரங்கிமலையில் இறங்கி ஏறுகிறவன்தான் நான். அந்த மலையின் பெயரிலும் இந்தக் காயின் பெயரிலும் இருப்பது ஒரே வெள்ளைக்காரன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. பெரும்பாலும் தக்காளி, ஊடே அவரை, வெண்டை. அரசாணியை யாரும் பயிர் என்று வைத்ததில்லை. ஆடியில் குப்பைக்குழி ஓரம் அப்பத்தா நாலு விதை ஊன்றும். கொடி அதுபாட்டுக்கு வேலியில் ஏறும். மார்கழியில் அதன் பூ வாசல் கோலத்துச் சாணி உருண்டைக்குப் போகும், தையில் காய் பொங்கல் படையலுக்கு வரும். தலைவாழை இலையில் அரசாணிக்காய்ப் பொரியல், அவரைக்காய், மொச்சை, அவித்த சர்க்கரைவள்ளி. தக்காளி மட்டும் இருக்காது. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன். "அது சந்தைக்குப் போற காயி கண்ணு. சாமிக்கு எதுக்கு?" என்றது அப்பத்தா.

நாட்டுக் காய், இங்கிலீஷ் காய் என்று நம் வீடுகளில் ஒரு கோடு உண்டு. திவசத்துக்கு முட்டைக்கோஸ் ஆகாது, கேரட் ஆகாது. அந்தக் காய்களுக்கு இங்கிலீஷ் பட்டம் சும்மா வரவில்லை. 1819-ல் நீலகிரி ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், தன் ஊர்க் காய்கறிகளை அங்கே போட்டுப் பார்த்தார். இன்றைக்கும் ஊட்டிக் காய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. ஆகவே தக்காளியும் அந்தக் கட்சி, படையலில் சேராது என்று நானாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பரங்கிக்காய் அதைக் கெடுத்துவிட்டது.

ஏனென்றால் நாட்டுக் காய் என்று நாம் இலையில் வைப்பதில் பாதி நாட்டைச் சேர்ந்ததே இல்லை. பரங்கிக்கொடியின் தாய்மண் அமெரிக்கக் கண்டம். சர்க்கரைவள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். வள்ளிக்கிழங்கு என்ற பெயர் மட்டும் நம்முடையது. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைப்பவை நான்கு என்று கபிலர் கணக்குச் சொல்கிறாரே, மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன், அந்த வள்ளி வேறு செடி. வெளியூர்க் கிழங்கு வந்து இறங்கியபோது, இனிப்பாக இருக்கிறதே என்று 'சர்க்கரை'யை முன்னால் ஒட்டிக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மிளகுக்குப் பக்கத்தில் மிளகாயை உட்கார வைத்ததும் இப்படித்தான்.

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட அடுத்த பயணம்தான் முக்கியமாகப் படுகிறது. 1500 ஏப்ரலில் கப்ரால் என்ற போர்ச்சுகீசியர் பிரேசில் கரையைத் தொட்டார். அதே வருடம் செப்டம்பரில் கோழிக்கோட்டில் நங்கூரம் போட்டார். மரவள்ளி விளைகிற கரையும் மிளகு விளைகிற கரையும் ஒரே கடல்பயணத்தில் சேர்ந்துவிட்டன. மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் போர்ச்சுகீசியர் கையால்தான் இந்தப் பக்கம் வந்தன. பரங்கிக்காய்க்கு வேறு சாட்சி வேண்டாம், பெயரே போதும். எங்கள் ஊரில் அந்தச் சாட்சியையும் கலைத்துவிட்டார்கள். கொங்கில் அரசாணிக்கால் என்றால் கல்யாணப் பந்தலில் நடுகிற கால். அதே பேர் சொல்லி வெளியூர்க் கொடியைக் கூப்பிடுகிறோம். இதற்குமேல் ஒரு விருந்தாளியை எப்படி உள்ளூர்க்காரன் ஆக்குவது?

தக்காளியின் கதை இதற்கு நேர் எதிர். சொல் பழையது, காய் புதியது. மணத்தக்காளிதான் (எங்கள் பக்கம் சுக்குட்டி) இங்கிருந்த உறவு. புதிதாக வந்ததைப் பெரியவர்கள் சீமைத்தக்காளி என்றார்கள். புளியும் மிளகும் வைத்து நம் ரசம் அதற்கு முன்பே நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

சரி, இரண்டும் வெளியூர்தான். ஒன்று மட்டும் ஏன் இலையேறியது? நான் யோசித்துக் கண்டுபிடித்தது இது. அரசாணிக்காய் பறித்து மாதக்கணக்கில் திண்ணையில் கிடக்கும், கெடாது. ஒரு காயை ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. அறுத்தால் நாலு வீட்டுக்குப் பத்தை போயே ஆகவேண்டும். விதை உள்ளேயே இருக்கிறது, சாம்பலில் புரட்டி வைத்தால் அடுத்த ஆடிக்கு ஆச்சு. தக்காளிக்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் வீரிய ஒட்டு விதைப் பாக்கெட் காசு கொடுத்து வாங்கவேண்டும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஒன்று ஓப்பன் சோர்ஸ், இன்னொன்று சந்தா. பகிர்ந்ததைத்தான் சாமிக்கு வைக்கிறோம், விற்றதை அல்ல என்று இதை அழகாக முடித்து வைத்திருந்தேன்.

ஆனால் என் காலேஜ் பீஸ் கட்டியது அரசாணி இல்லை, நாலு வருடமும் தக்காளிதான். அப்பா விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றியதில் வந்த படிப்பு. அந்தச் செடிக்கு எங்கள் வீட்டில் ஒரு நன்றியும் இல்லையே என்பது ஒரு சின்ன முள்ளாகவே இருந்தது.

அப்பத்தா போன பிறகு ஒரு மார்கழியில் விலை விழுந்தது. வண்டி வாடகையும் கமிஷனும் பறிகூலியும் போனால் கையிலிருந்து போடவேண்டும் என்ற நிலை. அப்பா பறிப்பை நிறுத்தினார். போகிக்கு நான் ஊர் போனபோது தோட்டம் முழுக்கச் சிவப்பு. பழம் செடியிலேயே வெடித்துக் கிடந்தது, பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் உள்ளே மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை யாரும் விரட்டவில்லை.

அன்று சாயங்காலம் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டி, வீட்டு நிலவுக்கும் கட்டுத்தறிக்கும் செருகிவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். சின்ன வயதில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கவனித்ததே இல்லை. அப்பா நேராகத் தக்காளி வயலின் ஈசானி மூலைக்குப் போய் ஒரு குச்சி நட்டு அதில் கொத்தைக் கட்டினார். கட்டி முடித்துக் கும்பிட்டார்.

"இதுக்கு எதுக்குங்ப்பா காப்பு?" என்றேன்.

"செடி காய்க்காமயா உட்டுச்சு? வெலைக்கு அது என்ன பண்ணும்?"

அப்பத்தா காலத்திலும் இங்கேதான் கட்டுவோமா என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதல் கொத்தே தக்காளிக்குத்தான் என்றும், நான் கிணத்து மேட்டில் செல்போனை நோண்டிக்கொண்டு இருந்திருப்பேன் என்றும் சொன்னார்.

கையில் இன்னும் மூன்று கொத்து மிச்சம் இருந்தது. கிணற்றுக்கு ஒன்று, மோட்டார் ரூமுக்கு ஒன்று. கடைசியை என்னிடம் கொடுத்துக் குப்பைக்குழிப் பக்கம் போகச் சொன்னார். இருட்டிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் அரசாணிக் கொடியை மிதிக்காமல் நடப்பதே பெரும்பாடாக இருந்தது.