தகடூர் நாட்டு நடுகற்களும் மீண்டு வந்த படைஞரும்

சேலத்தினின்றும் வடக்கே தருமபுரிக்குச் செல்லும் பெருவழி, தொப்பூரை அடுத்த கணவாயில் மலையேறுகின்றது. தென்புறத்துச் சமவெளிக்கும் பழந்தகடூர் நாட்டு மேட்டு நிலத்திற்கும் இடையே அமைந்த வாயில் இஃது எனலாம். சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் தொப்பையாறு இப்பக்கத்தின் வழியே ஓடி மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகின்றது. வழி குறுகியதாயின் அதனைக் காப்பாரும் கடப்பாரும் படைஞராகவே இருத்தல் இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ப் படைகளும் கும்பினிப் படைகளும் இக்கணவாய்க்காக மாறி மாறிப் பொருதன.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்கிவிட்டு மேற்செல்லுதல் நன்று. விசயநகர அரசுரிமை பற்றி 1616–17-ஆம் ஆண்டுகளில் சக்கராயன் பக்கத்தாரும் யாசம நாயக்கர், தஞ்சை இரகுநாத நாயக்கர் பக்கத்தாரும் பொருத பெரும்போரைத் தோப்பூர்ப் போர் என்பர். அத்தோப்பூர் கல்லணையை அடுத்ததாகும். ஆங்கில நூல்களில் இவ்விரண்டு ஊர்ப்பெயர்களும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுதலின் மாணவர் சிலர் அப்போரைத் தகடூர்ப் பக்கத்திற்கு ஏற்றிக் கூறுவர். அது பொருந்தாது.

இக்கட்டுரை அரசர் போர்களைப் பற்றியதன்று. போருக்குச் சென்று, சாகாது மீண்டு, பின்னர்க் குடியானவனாகவோ கூலியாளாகவோ வண்டியோட்டியாகவோ வாழ்ந்து மறைந்த எளிய படைஞனுக்கு நம் வரலாற்றில் என்ன சான்று உளது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இவ்வினாவை எழுப்புதற்குத் தருமபுரிப் பகுதியினும் தக்க இடம் பிறிதில்லை. ஏனெனில் இறந்துபட்ட வீரனுக்கு மிகுதியான சான்றுகளை வைத்திருக்கும் நிலம் இதுவே.

செங்கம், தருமபுரி ஆகிய பகுதிகளில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை தேடித் தொகுத்து வெளியிட்ட நடுகற் கல்வெட்டுக்கள், பல்லவர் காலத் தமிழக வரலாற்றிற்குப் புதுக்கருவி ஆயின. அவற்றின் வாசகம் சுருங்கியது. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். வீரன் யாருடைய சேவகன் என்பது அடுத்து வரும். ஊரும், தொறுக் கொண்டோ தொறு மீட்டோ பட்ட செய்தியும் இறுதியில் நிற்கும். ‘பட்டான்’ என்னும் வினைமுற்றோடு அவ்வாழ்க்கை முடிகின்றது. பட்டவனுடைய குடிக்கு நிலம் விடும் வழக்கும் இருந்தது. உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என அந்நிலம் பெயர் பெற்றது. குருதி சிந்தியதற்கு ஈடாக அளிக்கப்பெற்ற இக்கொடையை இக்காலத்துக் குடும்ப ஓய்வூதியத்தோடு ஒப்பிடுவார் உளர். அவ்வொப்புமையில் குறையொன்று உண்டு. உதிரப்பட்டி பெறுதற்கு ஒருவன் இறந்தே ஆகவேண்டும்.

இலக்கண மரபும் இதனோடு ஒத்தே செல்கின்றது. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு துறைகளை வகுக்கின்றது. மகனைப் போருக்கு விடுத்த தாயைப் பாட மூதின்முல்லை என்னுந் துறை பிற்காலத்தில் வகுக்கப்பெற்றது. வினைமுற்றி மீளும் தலைவனை முல்லைத்திணை பாடும். ஆயின் அவன் வீட்டு வாயிலை அடைந்த அளவில் பாட்டு நின்றுவிடும். மறுநாட் காலையில் அவன் ஏரைப் பூட்டினானா, பட்ட புண் ஆறியதா, கடன் கேட்டு வந்தவனுக்கு என்ன மறுமொழி கூறினான் என்பனவெல்லாம் பாட்டின் பொருளாகவில்லை. இதனைக் குறையென்று கூறுதல் என் கருத்தன்று. மரபு எதனைப் போற்றியது, எதனைப் போற்றாது விட்டது என்பதை நாம் தெளிதல் வேண்டும் என்பதே.

தருமபுரியில் வாழ்ந்த ஒரு படைஞனின் பிற்கால வாழ்க்கை மட்டும் மிக விரிவாக எழுதப்பெற்றுள்ளது. அவர் தமிழர் அல்லர். 1780-இல் காலாட்படைப் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்த தாமசு மன்றோ, சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் 1792-இல் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடு என்பாரின் துணைவராய் இப்பகுதிக்கு வந்தார். 1799 வரை நிலவரித் திட்டப் பணியில் இருந்தார். வாளேந்திய கை நிலவரிக் கணக்கை ஏந்தியது. அக்காலத்தில் அவர் தம் உறவினர்க்கு எழுதிய கடிதங்கள் அவர் இறந்த சில ஆண்டுகளில் அச்சேறின. அவருடைய விருப்பும் வெறுப்பும் இன்று நமக்குத் தெரியும். அவரோடு நடந்த சென்னைச் சிப்பாய்கள், படையினின்று நீங்கிய பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அத்தகைய தொகுதி ஒன்றேனும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் படைத்தலைவர், ‘போர்க்குடிகள்’ என்றும் அல்லாத குடிகள் என்றும் இந்திய மக்களைப் பிரித்துப் பேசலாயினர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராயிருந்து பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரான ராபர்ட்சு என்பவர் இக்கொள்கையின் பெருந்துணைவர். தமிழரும் தெலுங்கரும் போருக்குரியர் அல்லர் என்பது அவர் துணிபு. முதல் உலகப்போருக்குப் பின் சென்னைக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பெற்று, எஞ்சிய 3-ஆம் சென்னைப் படைப்பிரிவும் 1928 அளவில் சிக்கனம் கருதிக் கலைக்கப்பெற்றது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படையே நிலைத்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் தேவை மிகுந்ததும், போருக்குரியர் அல்லர் எனப்பட்ட அதே மக்கள் மீண்டும் அழைக்கப்பெற்றனர். சென்னைப் படைப்பிரிவு மறுபடியும் அமைக்கப்பெற்றது. 1939-இல் ஏறத்தாழ 2 இலட்சமாயிருந்த இந்தியப் படை 1945-இல் ஏறத்தாழ 25 இலட்சமாயிற்று. தேவை வந்தபோது கொள்கை விலகி நின்றது.

இவர்கள் கட்டாயத்தினாற் சென்றவரா, விரும்பிச் சென்றவரா என்னும் வினா ஈண்டு எழும். சட்டத்தை மட்டும் நோக்கின் விடை எளிது. படைச்சேவைக்குக் கட்டாயப்படுத்திய 1940-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலிருந்த ஐரோப்பிய பிரித்தானியக் குடிகளுக்கே உரியது. அதே ஆண்டில் பிறந்த மற்றோர் அவசரச் சட்டம், தொழில்நுட்பம் வல்ல தொழிலாளரைப் போர்த்தொழிற்சாலைகளில் வேலைசெய்யுமாறு பணிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. உழவனையோ கூலியாளையோ துப்பாக்கி ஏந்துமாறு கட்டாயப்படுத்திய சட்டம் பிரித்தானிய இந்தியாவில் இல்லை. எனவே இந்தியப் படையைத் தன்விருப்பால் திரண்ட பெரும்படை என்று ஆங்கில வரலாற்றாசிரியர் புகழ்வர்.

புகழுரையை அப்படியே ஏற்றல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. 1942-இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. விலை ஏறிற்று. கேழ்வரகும் சோளமும் வானத்தை நோக்கி விளையும் சேலம் மாவட்டத்து வறண்ட ஊர்களில் (தருமபுரி 1965 வரை அம்மாவட்டத்தின் பகுதியே) நிலமில்லாதவன் வீட்டில் ஆண்டின் சில திங்கள்கள் என்றுமே பசித்திங்கள்கள். சிப்பாயின் மாதச் சம்பளம் இருபது ரூபாய்க்குட்பட்டதே. ஆயின் உணவும் உடையும் அரசினுடையவை. சம்பளத்தின் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்பலாம். எடை குறைந்தவரையும் சேர்த்துக்கொண்டு, உணவளித்து எடையேற்றிப் பயிற்றுவிக்கும் முறை போர்க்காலத்தில் கையாளப்பெற்றது என்பதே, வந்தவர் எந்நிலையில் வந்தனர் என்பதற்குச் சான்று. சட்டம் பிடித்து இழுக்கவில்லை, வயிறு இழுத்தது. ‘கட்டாயம்’ என்னும் சொல்லை இவ்வகையில் விரித்துப் பொருள் கொள்ளுதல் தவறாகாது என்பது என் கருத்து. கடல் கடந்த தமிழர்க்கோ அச்சொல் நேர்ப்பொருளிலேயே பொருந்திற்று. மலேயாவின் தோட்டங்களினின்று பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குச் சப்பானியரால் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அவர்கள் சிப்பாய்கள் அல்லராதலின் படைப்பதிவேடு எதிலும் அவர் பெயர் இல்லை.

சென்ற படைஞர் யாண்டுப் பணிபுரிந்தனர் என்பது ஓரளவு தெளிவு. எரித்திரியாவின் கெரன் மலைகளிலும், இத்தாலியின் கசீனோவிலும், பர்மாக் காடுகளிலும் சென்னைச் சாப்பர்கள் பாலம் கட்டினர், வழி அமைத்தனர், புதைத்த வெடிகளை அகற்றினர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து உடனிருந்தாரைக் காத்து உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பெற்றது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. பழைய நடுகல் மரபின் நேரிய தொடர்ச்சி அவர். ஆனால் அவரால் உயிர் காக்கப்பெற்று ஊர் திரும்பியவர்?

அவர்களுடைய சொற்களும் நமக்கு நேரே கிட்டவில்லை. போர்முனையினின்று எழுதப்பெற்ற கடிதங்களைத் தணிக்கையாளர் படித்து, படைஞரின் மனநிலையை அரசுக்கு அறிவிக்கும்பொருட்டுச் சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுத்தனர். அவ்வறிக்கைகள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. தமிழில் எழுதிய கை தமிழகத்தில் மறக்கப்பெற்று, அதன் ஆங்கில நிழல் மட்டும் இலண்டனில் எஞ்சியிருத்தல் தமிழ்த்துறையினர் எண்ணிப் பார்த்தற்குரியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எளிய மக்கள் எழுதிய உரைநடை எவ்வாறிருந்தது என்பதற்கு அக்கடிதங்களினும் சிறந்த சான்று வேறில்லை. வீடுகளில் எஞ்சிய மூலங்களைத் தேடுவார் இலர்.

1945-இன் இறுதியில் படைக்கலைப்புத் தொடங்கிற்று. திரும்பியோரைக் குடிவாழ்க்கையில் அமர்த்தும்பொருட்டு அவ்வாண்டிலேயே வேலைவாய்ப்பு நிலையங்கள் தோற்றுவிக்கப்பெற்றன. இன்று படித்த இளைஞரெல்லாரும் பதிவுசெய்யும் இந்நிறுவனம் முதலில் படைஞர்க்கும் போர்த்தொழிலாளர்க்குமே உரியதாயிருந்து, 1948-இல்தான் அனைவர்க்கும் திறக்கப்பெற்றது என்பது பலரும் அறியாதது. சென்னை அரசு வயநாட்டில் அம்பலவயல் பக்கத்தில் முன்னாட் படைஞர்க்கென ஒரு குடியேற்றத் திட்டத்தை வகுத்தது. காடு திருத்தி நிலம் பெற்றவர் சிலர். குளிரும் காய்ச்சலும் பொறாது திரும்பியவர் எத்துணையர் என்பது தனி ஆய்வுக்குரியது. படைஞர் ஒன்றுகூடி மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களும் அமைத்தனர்.

இக்கடைசிச் செய்தி தொப்பூருக்கு அணித்தானது. போர்க்காலப் படை எந்திரமயமாயிற்றாதலின், மாட்டு வண்டியையன்றி வேறு அறியாத ஆயிரக்கணக்கான இளைஞர் லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றனர். போர் முடிந்ததும் படை விற்றுத் தள்ளிய பழைய வண்டிகள் சந்தைக்கு வந்தன. கற்ற கையும் கிடைத்த வண்டியும் சேர்ந்தன. சேலம் வட்டாரம் பின்னாளில் லாரித் தொழிலிற் பெயர் பெற்றதற்குக் காரணங்கள் பல. பட்டாளத்தில் ஓட்டக் கற்றவரின் பங்கு அவற்றுள் ஒன்றாக ஆராயப்படல் வேண்டும். பாறையிறக்கத்தில் விசையடக்கி வண்டியை இறக்கும் திறன் பர்மா மலைப்பாதையில் பயின்றதாயின், தொப்பூர்க் கணவாயில் அதற்கு வேலை இருந்தது. இன்றும் பெருவண்டிகள் அவ்விறக்கத்தில் நிலைதடுமாறும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றது.

ஓய்வூதியம் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. அதற்குப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். போர்க்காலத்திற் சேர்ந்தவர் நான்கைந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பெற்றனர். கையில் ஒரு சிறு தொகையும் ஒரு விடுவிப்புப் புத்தகமும் கொடுத்து அனுப்பப்பெற்றனர். அவர்களுக்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் தமிழ்நாட்டு அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு நெடுங்காலத்திற்குப் பின்னரே வந்தது. பதினெட்டு அகவையில் 1942-இற் சேர்ந்தவர் இன்று இருப்பாராயின் நூறு கடந்தவர். வாய்மொழிச் சான்று தேடும் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஊரார் வழங்கும் ‘பட்டாளத்தார் வீடு’ என்னும் பெயரே பலவிடத்து எஞ்சிய சான்று.

எஞ்சியவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று பதக்கம். முதற்போருக்குப் பின் இந்திய ஊர்கள் பலவற்றில் அரசினர் பதித்த சலவைக்கற்களில், அவ்வூரினின்று சென்றோர் தொகையும் இறந்தோர் தொகையுமே உள. பெயர் ஒன்றும் இல்லை. அப்போரில் அளிக்கப்பெற்ற வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் உண்டு. ஆயின் வெள்ளியாதலின் பல உருக்கப்பட்டன. இரண்டாம் போரின் விண்மீன் பதக்கங்கள் வெள்ளியல்ல. பிரித்தானியப் படைஞர்க்கு அவை பெயரின்றி வழங்கப்பெற, இந்தியப் படைஞர்க்கு வழங்கியவற்றில் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பெற்றன. எனவே தகடூர் நாட்டு வீடொன்றின் பெட்டியடியில் கிடக்கும் பர்மா விண்மீன், கல்வெட்டாய்வாளர் படித்தற்குரிய ஓர் எழுத்துச் சான்றேயாகும்.

மற்றொன்று விடுவிப்புப் புத்தகம். தந்தை பெயர், ஊர், வட்டம், கற்ற தொழில், பணிக்காலம், நடத்தை ஆகியவற்றை அது கூறும். நடுகல் ஊரையும் தலைவனையும் சாவையும் ஒரே கல்லில் கூறிற்று. பதக்கத்தில் ஊர் இல்லை. ஊரை அறியப் புத்தகம் வேண்டும். தாளாதலின் முதலில் அழிவது புத்தகமே. பதக்கம் மட்டும் கிடைத்துப் புத்தகம் கிடையாத வீடுகளில், படைப்பிரிவின் பெயரைக் கொண்டு அவன் சென்ற நாட்டை நாம் அறியலாம். திரும்பி வந்த ஊரை அறிய இயலாது.