ஏர் இந்தியாவின் விமானங்கள்: அன்றும் இன்றும்

வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழும் தமிழராகிய நமக்கு ‘விமானம்’ என்றவுடன் முதற்கண் நினைவிற்கு வருவது, திருமலையில் பொன் வேய்ந்து விளங்கும் ஆனந்த நிலைய விமானமே. வானிற் பறக்கும் ஊர்தி அதற்கு அடுத்தபடியாகத்தான் நம் எண்ணத்தில் எழும். ஆயினும் அவ்வூர்தியும் நம் முன்னோரின் கற்பனைக்குப் புறம்பானதன்று. சீவக சிந்தாமணியிலே சச்சந்த மன்னன் கருவுற்றிருந்த தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிய செய்தியைத் தமிழன்பர் அனைவரும் அறிவர்.

கற்பனையில் கண்டதை நம் நாட்டிலே நடைமுறையிற் காட்டிய முயற்சிகளுள் தலையாயது ஏர் இந்தியா. அதன் விமானங்களை வரிசையாக நிறுத்தி அவற்றின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங் கழிக்கும் நமக்கு வானத்தோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். உறவு உண்டு, அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

பூச்சியின் பெயரில் ஒரு தொடக்கம்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், கராச்சி நகரிலிருந்து ஒரு சிறு விமானம் புறப்பட்டது. ‘பஸ் மாத்’ என்னும் அந்துப்பூச்சியின் பெயர் பூண்ட அவ்விமானத்திற்கு ஒரே ஓர் எஞ்சின். அதனைத் தாமே ஓட்டி வந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. இலண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சிவரை கொணர்ந்த தபாலை, அங்கிருந்து தெற்கே சேர்ப்பதுதான் அச்சிறு பூச்சியின் பணி. வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது அதற்கு வேண்டிய பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்ததாம்! புதிய யுகம் பழைய யுகத்தின் தோளிலேறியே வருகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேறு வேண்டுமோ?

பம்பாயில் ஜூகு மைதானத்தில் இறங்கிய தபாலை நெவில் வின்சென்ட் என்பார் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இந்தச் சேவைக்கான யோசனையை முதலில் டாட்டா நிறுவனத்தாரிடம் கொண்டு சென்றவரும் அவரே. நம் ரேணிகுண்டா சந்திப்பைக் கடந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே மெயில் வண்டிகள் சுமந்து வந்த தபாலுக்கு, அன்றுமுதல் வானத்திலும் ஒரு வழி திறந்தது. முதலாண்டிலே அந்நிறுவனம் ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். தபால் ஏறத்தாழ 10 டன். கிடைத்த ஆதாயம் 60,000 ரூபாய்.

இளவரசிகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 ஜூலை 29ஆம் நாள் டாட்டா ஏர்லைன்ஸ் ‘ஏர் இந்தியா’ என்னும் பொதுக் கம்பெனியாயிற்று. போரில் உழைத்த டகோட்டாக்களும், பின்னர் வைக்கிங்குகளும் உள்நாட்டில் பறந்தன. 1948 ஜூன் 8ஆம் நாள், நான்கு எஞ்சின் பூட்டிய லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானமொன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்டது. அதன் பெயர் ‘மலபார் பிரின்சஸ்’. உடன்பிறந்தாள்போல் ‘மொகல் பிரின்சஸ்’, ‘ராஜ்புத் பிரின்சஸ்’ என்று மேலும் சில இளவரசியர் வந்தனர்.

அவ்விளவரசியர் அனைவரும் நீடு வாழ்ந்தாரல்லர். 1950 நவம்பர் 3ஆம் நாள் ‘மலபார் பிரின்சஸ்’ ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில் மோதிற்று. அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். 1955 ஏப்ரல் 11ஆம் நாள், பாண்டுங் மாநாட்டிற்குச் செல்வோரை ஏற்றிச் சென்ற ‘காஷ்மீர் பிரின்சஸ்’ மறைத்து வைக்கப்பட்ட வெடிகுண்டால் கடலில் வீழ்ந்தது. 16 பேர் மாள, மூவர் உயிர் பிழைத்தனர்.

இதற்கிடையே 1953 ஆகஸ்டு 1ஆம் நாள் விமானத் தொழில் நாட்டுடைமையாயிற்று. உள்நாட்டுப் போக்குவரத்து இந்தியன் ஏர்லைன்சுக்கும், வெளிநாட்டுப் போக்குவரத்து ஏர் இந்தியாவுக்கும் என வகுக்கப்பட்டது.

மலைகளும் மன்னர்களும்

1960இல் ஜெட் யுகம் பிறந்தது. போயிங் 707 விமானங்களுக்கு ‘நந்தாதேவி’, ‘கஞ்சன்ஜங்கா’ என்று இமயச் சிகரங்களின் பெயர் சூட்டினர். அவ்வாண்டு மே மாதம் நியூயார்க்குச் சேவை தொடங்கிற்று. 1962இல், ஜெட் விமானங்களை மட்டுமே உடைய நிறுவனம் என்னும் பெருமையை உலகிலேயே முதலாவதாக ஏர் இந்தியா எய்திற்று. ஆயின் 1966 ஜனவரி 24ஆம் நாள் ‘கஞ்சன்ஜங்கா’வும் அதே மோன் பிளாங்கில் மோதி, விஞ்ஞானி ஹோமி பாபா உள்ளிட்ட 117 பேரைப் பலிகொண்டது.

1971இல் வந்தது போயிங் 747. வெளியே ஒவ்வொரு சன்னலுக்கும் இராஜஸ்தான அரண்மனைச் சாளரம்போல் வளைவு தீட்டப்பட்ட அதற்கு ‘அசோகச் சக்கரவர்த்தி’ என்று பெயர். அவ்வரிசையின் பிற பெயர்களை நோக்குமிடத்து நம் உள்ளம் பூரிக்கின்றது. கடல் கடந்து படை நடத்திய இராசேந்திர சோழன் அதிலே உண்டு. காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மன் உண்டு. திருமலைக் கோயிலில் இரு தேவியருடன் கைகூப்பிச் செப்புச் சிலையாய் நிற்கும் கிருஷ்ணதேவராயரும் உண்டு. பின்னர் 1993இல் தொடங்கி வந்த 747-400 விமானங்களுள் ஒன்றிற்குத் தஞ்சாவூரின் பெயரே இடப்பட்டது. வேங்கடாத்ரி, பத்மாவதி, சப்தகிரி என்று வண்டிகளைப் பெயர் சொல்லியே அழைத்துப் பழகிய இரயில்வேக்காரர் நாம். ஆதலின் பெயரின் அருமையை அறிவோம்.

பேரரசரும் காலனுக்குத் தப்பவில்லை. 1978ஆம் ஆண்டின் முதல் நாளிலே ‘அசோகன்’ பம்பாய்க் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். 1985 ஜூன் 23ஆம் நாள் ‘கனிஷ்கன்’ அயர்லாந்திற்கு அப்பால் நடுவானில் வெடிகுண்டால் சிதறி, 329 உயிர்கள் அழிந்தன.

நமக்கும் வானத்திற்கும் உள்ள உறவு

1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்துள் நுழைந்தது. அங்கே பிழைப்புக்குச் சென்றிருந்த இந்தியர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜோர்தானிய நாட்டின் அம்மான் நகர்வழியே விமானங்களில் பம்பாய் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவர், காரோட்டியாய் அங்குச் சென்றிருந்த நம் சிற்றப்பா.

அப்போது நமக்குப் பத்து வயது. பல வாரங்கள் அவரிடமிருந்து கடிதமில்லை. ஒருநாள் தந்தி வந்தது. தந்தையாரின் விரலைப் பற்றிக்கொண்டு ரேணிகுண்டா நிலையத்தில் பம்பாய் வண்டிக்குக் காத்து நின்றோம். போகும்போது இரண்டு பெட்டியுடன் போனவர், வரும்போது ஒரு துணிப்பையுடன் இறங்கினார். பாட்டியார் அவர் முகத்தைத் தடவிப் பார்த்து அழுத காட்சி இன்றும் கண்ணில் நிற்கின்றது. அறியாச் சிறுவராகிய நாம், “எந்த விமானத்தில் வந்தீர்கள், சித்தப்பா?” என்று கேட்டோம். “பேரெல்லாம் தெரியாதப்பா, நம்முடையது என்று மட்டும் தெரியும்” என்றார். அன்றிலிருந்துதான் விமானங்களைப் பற்றிய செய்திகளை நறுக்கிச் சேர்க்கும் பழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டது.

இன்று

2007இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அவ்வாண்டே போயிங் 777 விமானங்களும், 2012இல் 787 விமானங்களும் வந்தன. கடன்சுமையும் உடன் வளர்ந்தது. முடிவில் 2022 ஜனவரி 27ஆம் நாள் நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றது. 2023 பிப்ரவரியில் ஏர்பஸ் 250, போயிங் 220 ஆக 470 விமானங்கள் வாங்க அறிவிப்பு வெளியாயிற்று. 2024 ஜனவரியில் ஏர்பஸ் ஏ350 பணி தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் விஸ்தாரா நிறுவனமும் வந்திணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், விற்கப்பட்ட பழைய 747 ஒன்று மும்பையிலிருந்து எழும்பி, விடைபெறுவதுபோல் இறக்கையை அசைத்துச் சென்றது.

2025 ஜூன் 12ஆம் நாள் மற்றொரு பேரிடி. இலண்டனுக்குப் புறப்பட்ட 787 விமானம் ஆமதாபாத்தில் எழும்பிய சில நொடிகளில் வீழ்ந்தது. அதிலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையிலிருந்தோரையும் சேர்த்து மாண்டவர் 260 பேர். மாட்டுவண்டியில் வந்த பெட்ரோலை ஏற்றிக்கொண்டு அச்சிறு பூச்சி நலமே எழும்பிய ஊரும் அதுவே என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

அரசின் உடைமை தனியார் கைக்குப் போயிற்றே என்று வருந்துவோர் உளர். தோற்றுவித்தவரிடமே திரும்பிற்று என்று மகிழ்வோரும் உளர். சிற்றப்பாவின் சொல்லை நினைத்து நாமும் அன்று கலங்கினோம். இனி ஓர் இடர் வந்தால் ‘நம்முடையது’ என்று சொல்ல ஒன்று வருமோ என்பதே நம் ஐயம். கைமாறி ஒரு திங்களில் அதற்கு விடை கிடைத்தது. 2022 பிப்ரவரி 26ஆம் நாள், உக்ரைன் போரிலிருந்து தப்பிய நம் மாணவரை ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரிலிருந்து மும்பைக்கு ஏற்றி வந்தது ஏர் இந்தியா விமானமே.

ஆதலின் அன்பர்களே, விமானங்களின் எண்ணிக்கையும் விலையும் ஒரு நிறுவனத்தின் பெருமைக்கு அளவுகோல் ஆகா. ஏறியவர் இறங்கும்வரை நலமாய் இருத்தலே முதற் பெருமை. அயல்நாட்டில் தவிப்போனை அவன் தாயிடம் சேர்த்தல் அதனினும் பெருமை. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இனி எழும்பும் ஒவ்வொரு விமானமும் நலமே சென்று நலமே மீள வேங்கடவன் அருள்க. நம் சங்கமும் தமிழும் வாழ்க!